கோரம் யாருக்காக?

‘கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைப்பு’ என்பது சங்கம் முதல் சட்டமன்றம் வரை கேட்டுப் பழகிய பேச்சு. லத்தீனில் ‘கோரம்’ என்ற சொல்லுக்கு ‘இவர்களுள்’ என்று பொருள். இங்கிலாந்தில் உள்ளூர் நீதிபதிகளை நியமித்த அரச ஆணைகள் லத்தீனில் இருந்தன. பல பெயர்களைச் சொல்லிவிட்டு, ‘இவர்களுள் இன்னார் கட்டாயம் இருக்க வேண்டும்’ என்று சிலரைத் தனியே குறிப்பிடும் அந்த வாசகத்திலிருந்து வந்ததே கோரம். அதாவது, அது முதலில் தலைக்கணக்கு அல்ல. யார் இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது என்ற அக்கறை. கூட்டம் நடக்கக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற எண்ணிக்கை பிறகு வந்தது. நம் நாடாளுமன்றத்தில் அது உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு.

கிராம சபைக்கும் கோரம் உண்டு. கரும்பு ஆலை இருக்கும் நெல்லிக்குப்பம் ஒரு நகராட்சி. அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே நீங்கள் அதன் உறுப்பினர். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 10,000-க்கு மேல் என்றால் 300 பேரும் வர வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து போட்டுவிட்டுக் கிளம்பினாலும் கணக்கு சரியாகிவிடும். ஆனால் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர், குடத்தோடு குழாயடியில் நிற்கும் பெண், பட்டாவுக்கு அலையும் முதியவர் ஆகியோர் பேசாத சபையில் கோரம் இருப்பதாக நான் ஏற்க மாட்டேன்.

கிராம சபை கூடும் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றியதும் வீடு திரும்பிவிடாதீர்கள். சபை முடியும்வரை உட்காருங்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள்.