மண்ணுள் உறையும் காவலர்

புழு என்ற சொல்லைக் கேட்ட அளவில் அருவருப்புக் கொள்வோர் பலர். கெடுப்பதே அதன் தொழில் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது என்பதற்கு அமெரிக்க நாட்டுப் புளோரிடா மாநிலத்தின் ஆரஞ்சுத் தோட்டங்கள் சான்றாகும்.

கரிபியன் தீவுகளுக்குரிய வேர்க் கூன்வண்டு ஒன்று 1964ஆம் ஆண்டில் அம்மாநிலத்து அப்பாப்கா என்னும் ஊர்ப்பக்கம் முதன்முதல் காணப்பட்டது. தாய்வண்டு இலைகளை ஒன்றோடொன்று ஒட்டி, அவற்றின் இடையே முட்டையிடும். பொரித்து வரும் இளம்புழுக்கள் நிலத்தில் வீழ்ந்து, மண்ணுட் புகுந்து, பல திங்கள் வேரைத் தின்று வளரும். வேரிற் பட்ட புண்வழியே அழுகல் நோயும் நுழையும். மரம் வாடக் கண்டு உழவர் உணருங்கால் வேரின் பெரும்பகுதி அழிந்திருக்கும்.

ஆழத்தில் மறைந்த இப்பகையை நஞ்சினால் ஒழிப்பது அரிது. ஆதலின் அறிஞர் நூற்புழுக்களின் துணையை நாடினர். நூற்புழுக்களுள் பயிரின் வேரை உண்பனவும் உள; பூச்சிகளைக் கொல்வனவும் உள. பின்னவற்றின் இளம்பருவம் ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாதது. அது கூன்வண்டின் புழுவைத் தேடி அடைந்து, உடலின் துளைகள் வழியே உட்சென்று, தன் குடலில் தாங்கிய பாக்டீரியாவை அதன் உடல்நீரில் விடும். பெரும்பாலும் இரண்டு நாளில் அப்புழு மடியும். அவ்வுடலே நூற்புழுவின் வழித்தோன்றல்களுக்கு உணவாகும். மரத்துக்கோ மக்களுக்கோ இதனால் தீங்கில்லை.

டெக்சாஸ் மாநிலத்து ரியோ கிராண்டே ஆற்றுச் சமவெளியிற் கண்டறியப்பெற்று 1994இல் பெயரிடப்பட்ட நூற்புழு இனம் ஒன்று புளோரிடாத் தோட்டங்களில் இப்பணிக்குப் பயன்பட்டது. ஆயினும், விலைகொடுத்து வாங்கித் தெளித்துவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதுதல் தவறு. நூற்புழு நஞ்சன்று, உயிர். கடும்வெயில் பட்டால் மாளும். காய்ந்த மண்ணில் இயங்காது. மாலை வேளையில் ஈரமண்ணில் தெளித்து, மீண்டும் நீர் பாய்ச்சுதல் வேண்டும். அங்ஙனம் செய்யினும் நாளடைவில் அவற்றின் எண்ணிக்கை குறையும்.

எனவே மண்ணில் முன்னரே வாழும் காவலரைப் பேணுதலே முதற்கடமை. புளோரிடாவின் நடுமேட்டு ஆழ்மணல் நிலங்களில் அவ்விடத்து நூற்புழுக்கள் மிகுந்திருத்தலையும், ஆங்கே கூன்வண்டின் கேடு குறைந்திருத்தலையும் ஆய்வாளர் கண்டனர். நீர் தேங்கும் தாழ்நிலங்களிலோ கேடு மிகுதி. கூன்வண்டின் புழு கடித்த வேர் ஒருவகை மணப்பொருளை வெளியிட, அதனை நாடி நூற்புழுக்கள் வருகின்றன என்று 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. மரம் தன் காவலரை அழைக்கின்றது. அழைக்குங்கால் வருவதற்கு மண்ணில் அவர் இருத்தல் வேண்டும் அன்றோ?

நஞ்சே விரைந்து பயன் தரும் என்பாரும் உளர். பல நஞ்சுகள் பகையோடு நன்மை செய்யும் உயிர்களையும் மாய்க்கும் என்பதை அவர் எண்ணுதல் நன்று. ஓரினத்தின் பெயரை மட்டும் கேட்டு வெறுத்தல் அறிவுடையார் செயலன்று. தன் நிலத்தில் தீயன எவை, நல்லன எவை என்று ஆராய்ந்து அறியும் உழவனே அந்நிலத்தை அடுத்த தலைமுறைக்கு வளங்குன்றாமல் அளிப்பான்.