எதிராளி இல்லாவிட்டால் ஆட்டம் இல்லையா?

நான்கு பேர் ஒரே பக்கம் நின்று ஆடுவது, ஜெயித்தால் நால்வரும் ஜெயிப்பது, தோற்றால் நால்வரும் தோற்பது என்று ஒரு வகைப் பலகை ஆட்டம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னதும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "அப்புறம் யாரைத்தான் ஜெயிக்கிறது?" என்பது. எதிரே உட்கார்ந்திருப்பவரைத் தோற்கடிக்காத வரை அது ஆட்டமே ஆகாது, குழந்தைகளைச் சமாதானப்படுத்தும் வேலை என்ற தீர்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இந்தத் தீர்ப்பில் அதிகம் அடிபடுபவை நிலவறைக்குள் இறங்கும் மாயாஜால ஆட்டங்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அறை அறையாகக் கதவைத் திறந்து, எலும்புக்கூடுகளோடும் பூதங்களோடும் மோத வேண்டும். 1989-இல் வந்த ஹீரோ குவெஸ்டிலும் 2005-இல் வந்த டிசென்டிலும் பூதங்களின் பக்கம் ஆட ஒருவர் தனியாக இருந்தார். 2017-இல் ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைத்து வெளியிட்ட குளூம்ஹேவன் அந்த ஆளை எடுத்துவிட்டு, பூதங்களை நகர்த்தும் பொறுப்பைச் சீட்டுக்கட்டிடம் ஒப்படைத்தது. அந்த நாற்காலி காலியானதுதான் பலருக்கு உறுத்துகிறது.

ஆனால் இப்படிக் கேட்பவர்கள் வைகுண்ட ஏகாதசி இரவில் ஸ்ரீரங்கத்தில் நடப்பதை ஒருமுறை யோசிக்க வேண்டும். கண்விழிப்பதற்காக அன்று விரிக்கப்படும் பரமபதத்தில் ஆளுக்கொரு காய் இருக்கிறது. யார் முதலில் மேலே போகிறார் என்ற பந்தயமும் பேருக்கு இருக்கிறது. எனினும் ஒருவர் இன்னொருவரை என்ன செய்துவிட முடியும்? வெட்ட முடியாது, மறிக்க முடியாது, இடத்தைப் பிடுங்க முடியாது. ஏணி ஏற்றுகிறது, பாம்பு இறக்குகிறது. அசுரர்களின் பெயர்களைச் சுமந்து கட்டத்துக்குக் கட்டம் காத்திருக்கும் அந்தப் பாம்புகள்தான் உண்மையான எதிரிகள். உச்சிக்கு அருகில் வந்த ஒருவர் நீளமான பாம்பின் வாயில் விழும்போது சுற்றியிருப்பவர்கள் எல்லாருமே "அடடா" என்கிறார்கள். (கொஞ்சம் சந்தோஷமும் அதில் கலந்திருக்கும், அதை மறுக்க வேண்டியதில்லை.) எதிராளியை வீழ்த்துவதே ஆட்டத்துக்கு இலக்கணம் என்றால் பரமபதமும் ஆட்டம் ஆகாது. ஒருவர் தனியாகவே ஆடும் பல்லாங்குழி வகையான சீதைப் பாண்டியும் ஆகாது. அசோகவனத்தில் சீதை அதை ஆடியதாகச் சொல்லிவந்த நம் பாட்டிகள் யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை.

ஆடுபுலி ஆட்டம் இன்னும் வலுவான சாட்சி. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். பின்னால் இருக்கும் புள்ளி காலியாக இருந்தால் புலி ஆட்டைத் தாண்டி வெட்டிவிடும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது. ஆடு பிழைக்க முக்கியமான வழி, அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நிற்பது. புலி நகர இடமில்லாமல் போவதுதான் ஆடுகளின் வெற்றி. கூடி நின்று மறிக்கும் இந்த வித்தையைத்தான் குளூம்ஹேவனும் நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இங்கே ஒரே கை நகர்த்திய ஆடுகளை அங்கே நான்கு கைகள் கலந்து பேசி நகர்த்துகின்றன. தாயக்கட்டத்தில் கூட்டாளி வைத்து ஆடுவதையும், கேரமில் இருவர் இருவராக ஆடுவதையும் ஏற்றுக்கொள்ளும் நாம், எல்லாரையும் ஒரே கூட்டாளிகளாக உட்கார வைத்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

போட்டி இல்லாவிட்டால் சூடு இருக்காது, எப்படியும் ஜெயித்துவிடலாம் என்பது அடுத்த வாதம். ஆடிப் பார்க்காதவர்கள் சொல்வது இது. மாட் லீகாக் உருவாக்கி 2008-இல் வெளிவந்த பாண்டமிக் என்ற கூட்டு ஆட்டத்தில் ஜெயிக்க ஒரே வழி, நான்கு நோய்களுக்கும் மருந்து கண்டுபிடிப்பது. தோற்க மூன்று வழிகள். குளூம்ஹேவனில் கையில் இருக்கும் சீட்டுகள்தான் உயிர்மூச்சு. ஒவ்வொரு முறையும் இரண்டு சீட்டு இறக்க வேண்டும். தீர்ந்தால் ஓய்வெடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஓய்வுக்கு ஒரு சீட்டு என்று அந்த ஆட்டம் முடியும்வரை இழக்க வேண்டும். கடைசிக் கதவைத் திறக்கும்போது கையில் நான்கு சீட்டு மட்டும் மிஞ்சியிருப்பவருக்குச் சூடு போதாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிராளி மனிதராக இருந்தால் அவர் தப்பு செய்வார், அசருவார் என்று நம்பலாம். சீட்டுக்கட்டு அசராது.

இவற்றைவிடக் கனமான ஓர் ஆட்சேபம் உண்டு. கூட்டு ஆட்டத்தில் விவரம் தெரிந்த ஒருவரே நால்வருக்கும் சேர்த்து முடிவெடுப்பார், மற்றவர்கள் அவர் சொன்ன இடத்தில் காயை வைப்பார்கள். இது உண்மை. பாண்டமிக்கில் கையில் இருக்கும் சீட்டுகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாம் என்பதால் இந்தக் குறை நன்றாகவே வெளிப்படும். கூட்டாளித் தாயத்திலும் அடுத்தவர் காயைத் தன் விரலால் நகர்த்தும் பெரியவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்; அதற்காகத் தாயத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை. பின்னால் வந்த வடிவமைப்பாளர்கள் இதற்கு மாற்றும் கண்டிருக்கிறார்கள். குளூம்ஹேவனில் எந்தச் சீட்டை எடுக்கிறோம், அதில் என்ன எண் என்று துல்லியமாகச் சொல்லக் கூடாது. "நான் சீக்கிரம் போவேன்" என்கிற அளவுக்குத்தான் பேச்சு. ஆளுக்கொரு இரகசிய இலக்கும் உண்டு. ஆகவே இன்னொருவர் என்ன செய்யப் போகிறார் என்பதை ஊகித்து, அவரை நம்பி ஒரு சீட்டை இறக்க வேண்டியிருக்கிறது. எதிராளியின் மனத்தைப் படிப்பதைவிட நண்பனின் மனத்தைப் படிப்பது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு மாலை முயன்று பார்க்கலாம்.

போட்டி உலகத்துக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்த வேண்டாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மதிப்பெண்ணும் தரவரிசையும் நுழைவுத்தேர்வும் அந்தப் பயிற்சியை வாரம் முழுக்கக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையையும் அதற்கே கேட்பது பேராசை. அதே நேரம், இந்த ஆட்டங்கள் ஒற்றுமையைக் கற்றுத்தரும், குணத்தைத் திருத்தும் என்று விற்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர்களும் ஆட்டத்தை ஆட்டமாக மதிக்க மறுக்கிறார்கள், அவ்வளவுதான். நல்ல சிக்கலும் தோற்கும் சாத்தியமும் நம் முடிவால் மாறும் விளைவும் இருந்தால் அது ஆட்டம். குளூம்ஹேவனில் மூன்றும் இருக்கின்றன. பரமபதத்தில் மூன்றாவது இல்லை. இருந்தும் அதை ஆட்டம் என்கிறோம்.

ஒரு சங்கடம் மட்டும் நிஜம்: இந்தப் பெட்டிகளின் விலை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒவ்வொரு குடும்பமும் இவற்றை வாங்குவது கடினம். ஆகவே பள்ளிகளும் நூலகங்களும் சதுரங்கப் பலகைக்கும் கேரம் பலகைக்கும் பக்கத்தில் இப்படி ஒரு பெட்டியையும் வாங்கி வைக்கட்டும்.