எலும்பும் கையெழுத்தும்

கடாரம் கொண்ட ராஜேந்திரன் கட்டிய கோயில் என்று கங்கைகொண்ட சோழபுரம் போய் வரும் நம் கெடாக்காரர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு, அங்கே ஆடும் சிவனின் காலடியைக் குனிந்து பார்ப்பதில்லை. விலா எலும்பு துருத்த, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்து தாளம் போடுகிறார். காரைக்கால் அம்மையார்.

பெண் என்றால் அழகு சொட்டச் செதுக்கிய சோழச் சிற்பிகள் இவரை மட்டும் இப்படி வடித்தது ஏன்? அம்மையார் அவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை. அவருடைய மூத்த திருப்பதிகம் சுடுகாட்டுப் பெண்பேய் ஒன்றை அங்கம் அங்கமாகச் சொல்லித்தான் தொடங்குகிறது: புடைத்த நரம்பு, குழிவிழுந்த கண், ஒட்டிய வயிறு, செம்பட்டை முடி, நீண்ட கணைக்கால். பதிகத்தை முடிக்கும்போது அவர் போடும் பெயர் காரைக்கால் பேய். ஏறக்குறைய 500 ஆண்டு கழித்து ராஜேந்திரன் காலத்துச் சிற்பியும் அந்த உருவத்தையே கல்லில் வைத்தான்.

தன் படைப்புக்குள் தன்னையே வைத்துப் பெயரும் போட்டவர் அம்மையார் மட்டுமல்ல. ஜெர்மனியில் 12ஆம் நூற்றாண்டில் குடா என்றொரு கன்னியாஸ்திரி இருந்தார். பிரசங்க நூல் ஒன்றின் அலங்கார முதலெழுத்துக்குள் முக்காடிட்ட தன் உருவத்தை வரைந்து, பாவியாகிய குடாதான் இதை எழுதி வரைந்தாள் என்றும் பொறித்துவிட்டார். 1200 வாக்கில் ஆக்ஸ்பர்க் பைபிள் சங்கீதப் புத்தகம் ஒன்றில் கிளாரிசியா என்ற பெண், 'கியூ' எழுத்தின் வாலாகத் தானே தொங்கி ஊஞ்சலாடுகிறாள். முக்காடு இல்லை, சடை தொங்குகிறது. மடத்தில் படிக்க வந்தவளாக இருக்கலாம். தலையைச் சுற்றிப் பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது.

பேய் என்றும் பாவி என்றும் தன்னைத் தாழ்த்திக்கொண்டவரிடம் யார் சண்டைக்கு வருவார்? அந்தப் பணிவின் மறைவில்தான் பெயர் நுழைந்தது, நிலைத்தும் விட்டது. கோயில்களில் மற்ற நாயன்மார்கள் வரிசையாக நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

நம் பக்கம் வருவோம். அலோர் ஸ்டாரிலும் பீடோங், சுங்கைப்பட்டாணித் தோட்டங்களிலும் மாலை கட்டி, கோலம் போட்டு, பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்து கோயிலைத் தாங்குகிறவர்கள் பெண்கள். நன்கொடைப் பலகையில் கணவர் பெயரும் அதன் பக்கத்தில் 'குடும்பத்தினர்' என்ற சொல்லும்தான் இருக்கும். அந்தக் 'குடும்பத்தினர்' யார் என்று நிர்வாகத்துக்கும் தெரியும், சாமிக்கும் தெரியும். அடுத்த கும்பாபிஷேக மலர் அச்சுக்குப் போகும் முன், அவர்கள் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு வேண்டாம் என்பார்கள். விடாதீர்கள்.