தகரை என்று சொன்னால் மட்டும் போதாது



மாரி மழை விழுந்ததும் பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போனாலும் பூநகரிப் பக்கம் போனாலும் வீதியோரமெல்லாம் தகரை. வறைக்கும் இலைக்கஞ்சிக்கும் பலர் பிடுங்குகிறார்கள். மரக்கறி விற்கும் விலைக்கு நல்ல விசயம்தான். ஆனால் "தகரை பிடுங்கிக்கொண்டு வா" என்று சின்னப் பிள்ளையை அனுப்புகிறோமே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. தகரை என்ற பெயருக்குள் இரண்டு செடிகள் இருக்கின்றன.

ஒன்று நாம் சாப்பிடும் தகரை. மற்றது பொன்னாந்தகரை. பொன்னாவரை, பேயாவரை என்பதும் அதுதான். சிங்களத்திலும் இதே கதை: சாப்பிடுவது பெதி தோர, மற்றது பெனி தோர. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இரண்டும் மஞ்சள் பூ, ஐந்து இதழ். பூவைப் பார்த்துப் பிரிக்க நினைத்தால் பெரியவர்களே தடுமாறுவார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இந்தியாவின் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருடாவருடம் ஏழைக் கிராமத்துச் சிறுபிள்ளைகள் திடீரென வாந்தி எடுத்து, மயங்கி, சில நாட்களுக்குள் இறந்தார்கள். நீண்ட காலம் வைரசு மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். பிள்ளைகள் விளையாட்டாகத் தின்ற பொன்னாவரை விதைதான் ஈரலையும் தசையையும் மூளையையும் தாக்கியது என்று 2007இல் மருத்துவர்கள் ஆய்வாக வெளியிட்டார்கள். 2016இல் ஒடிசாவின் மல்கான்கிரியில் பிள்ளைகள் இறந்தபோதும், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஒருபக்கம் இருக்க, இந்த விதையின் நஞ்சும் காரணம் என்று வேலூர் மருத்துவர் ஜேக்கப் ஜான் தலைமையிலான குழு சொன்னது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. மாடுகள் இந்த விதையை நிறையத் தின்றாலும் தசை கெட்டு விழுந்துவிடும். மாடு வளர்ப்பவர்கள் கவனியுங்கள்.

சில நாடுகளில் இதே விதையை நன்றாக வறுத்துக் கோப்பிபோலக் குடிக்கிறார்கள் என்பதும் உண்மை. அதைக் காட்டி "மூலிகைதானே" என்று வாதாட வேண்டாம். பிள்ளை வறுத்துத் தின்பதில்லை, பச்சையாகத்தான் தின்னும்.

சரி, எப்படிப் பிரிப்பது? பூவை விடுங்கள், இலையை எண்ணுங்கள். தகரையில் சிற்றிலைகள் பெரும்பாலும் மூன்று சோடி, நுனி அகன்று வட்டமாக இருக்கும். பொன்னாந்தகரையில் நாலு முதல் ஆறு சோடி, நுனி கூர். அதன் இலைக்காம்பின் அடியில் ஒரு சின்னக் குமிழ் தெரியும். தகரையில் அந்தக் குமிழ் மேலே, கீழ்ச்சோடிச் சிற்றிலைகளுக்கு நடுவில் இருக்கும். தகரைக் காய் மெல்லிசாக, நீளமாக, அரிவாள்போல் வளையும். பொன்னாந்தகரைக் காய் கொஞ்சம் தட்டை, மேல்நோக்கி நிற்கும், முற்றும்போது நடு மண்ணிறமாகவும் ஓரம் வெளிறியும் இருக்கும். மணத்தை மட்டும் நம்பாதீர்கள், இரண்டையும் கசக்கினால் நாறும். இன்னொன்று, மஃரிபு நேரத்தில் பிடுங்கப் போகவேண்டாம். பொழுதுபட்டால் இலைகளைக் கூப்பிக்கொண்டு எல்லாம் ஒரேமாதிரித்தான் நிற்கும்.

ஆவரசு இவை இரண்டுக்கும் சொந்தக்காரச் செடி. அது பற்றை, வருடக்கணக்கில் நிற்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல்போல் ஒரு செதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆவரசு. சிங்களச் சகோதரர்கள் ரணவரா என்று தேநீர் போடுவது இதன் பூவைத்தான்.

முஸ்லிம் வீடுகளுக்கு ஒரு வார்த்தை தனியாக. நபி (ஸல்) அவர்களின் ஹதீஸில் வரும் ஸனா இந்த மூன்றும் அல்ல. அது நிலாவாரை, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிரிடுகிறார்கள், நாட்டுமருந்துக் கடையில் காய்ந்த இலையாகக் கிடைக்கும். 2020இல் கொரோனாவுக்கு ஸனா மருந்து என்று பாகிஸ்தானில் வதந்தி பரவி விலை ஏறியது. அது வயிற்றைக் கழுவும் மருந்து, அளவு மீறினால் உடம்பு நீர் வற்றிப் போகும். வேலியோரத்து மஞ்சள் பூவைப் பிடுங்கி "இது சுன்னத்தான மருந்து" என்று வட்ஸ்அப்பில் போடுவது மார்க்கமும் அல்ல, வைத்தியமும் அல்ல.

பாடசாலைகளில் இலையின் பாகங்களைப் படம் கீறிப் பெயரிடச் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளை புள்ளியும் எடுக்கிறது. ஆனால் வீதியோரத்தில் நிற்கும் இலையில் எத்தனை சோடி என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு பாடவேளை போதும், பத்து நிமிடம் மதிலுக்கு வெளியே கூட்டிப்போய் இரண்டு கிளையையும் கையில் கொடுக்கலாம். பாடத்திட்டத்தில் இல்லை என்று யாராவது சொன்னால், இலையே பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது. அந்த வெளியில் போகும் பிள்ளைகளுக்கு அம்மம்மாமார், உம்மம்மாமாரின் கைப்பழக்கம் இப்போது கிடைப்பதில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அந்தத் தொடர் அறுந்துபோன வீடுகள் இங்கே நிறைய.

எல்லாவற்றுக்கும் களைநாசினி அடியுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அடித்தால் முதலில் போவது கஞ்சிக்கு உதவும் தகரைதான்.

சந்தேகம் உள்ளவர்கள் கீழே படம் போடுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு முழு இலை காம்போடு, ஒரு காய், இரண்டும் படத்தில் இருக்கவேண்டும். பூ மட்டும் உள்ள படத்துக்குப் பதில் சொல்லமாட்டேன், கோபிக்க வேண்டாம்.