மணிக்கு இரண்டு ஜோடி

சுடுமண் நகை செய்யும் என் சித்தப்பா மகளுக்குத் தீபாவளிக் கண்காட்சியில் ஒரு மேசை கிடைத்திருக்கிறது. முகூர்த்தம் இல்லாத சனி, ஞாயிறுகளில் சென்னைக் கல்யாண மண்டபங்களில் நடக்குமே, அந்த மாதிரி ஒன்று. “ஐம்பதாயிரத்துக்கு விக்கணும்க்கா, அதான் டார்கெட்” என்றாள். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். போன தடவை பக்கத்து மேசை அம்மா அவ்வளவு விற்றாராம். அந்த அம்மா விற்றது புடவை.

கணக்குப் போட உட்கார்ந்தோம். அவளுடைய ஜிமிக்கி ஜோடி சராசரியாக 250 ரூபாய். ஐம்பதாயிரம் வேண்டுமென்றால் 200 ஜோடி போக வேண்டும். கண்காட்சி இரண்டு நாளும் சேர்த்துப் பதினாறு மணி நேரம். அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஜோடி. ஜிமிக்கி வாங்குகிறவர் நாலைந்தைக் காதில் வைத்துப் பார்த்து, கூட வந்தவரிடம் கேட்டு, முதலில் எடுத்ததையே திரும்ப எடுப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். சாப்பாட்டு நேரத்தில் மண்டபமே காலியாகக் கிடக்கும். கூட்டம் அள்ளும் என்று நடத்துகிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். அவர்கள் பிழைப்பு மேசை வாடகையில் இருக்கிறது.

பிறகு அடியிலிருந்து தொடங்கினோம். மேசை வாடகை 4,000. போக வர ஆட்டோ 900. சாப்பாடு, டீ 400. உதவிக்கு ஒரு பெண், 800. ஆக 6,100 ரூபாய். மண், வண்ணம், கொக்கி, டப்பா எல்லாம் போக ஒரு ஜோடியில் அவள் கையில் நிற்பது 190. முப்பத்து மூன்றாவது ஜோடி விற்ற பிறகுதான் முதல் தேறும், மணிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். அவள் உட்கார்ந்து செய்த கூலி இந்தக் கணக்கில் இன்னும் வரவேயில்லை. அதையும் சேர்த்தால் அறுபது ஜோடியாவது போக வேண்டும். இந்த எண்ணை மதியம் இரண்டு மணிக்குத் தாளில் சரிபார்க்கலாம். பின்தங்கினால் மாலைக் கூட்டத்துக்குள் மேசையை மாற்றி அடுக்கலாம். ஐம்பதாயிரத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணிக்குப் பெருமூச்சுதான் விட முடியும்.

செய்ய வேண்டிய எண்ணிக்கையும் இதிலிருந்தே வரும். அறுபது விற்க நூறு ஜோடி போதும். மேசை நிறைவாகவும் தெரியும். இருநூறு என்றால் அவசரம் வந்துவிடும். மழைக்காலத்தில் மண் நிழலில் காய்வதற்கே நாளாகும். உள்ஈரத்தோடு சுட்டால் நெருப்பில் வெடிக்கும்.

எல்லாச் சந்தைக்கும் ஒரே இலக்கு பொருந்தாது. கொலு பொம்மை விற்பவருக்கு விஜயதசமி தாண்டினால் அடுத்த புரட்டாசி வரை வேலையில்லை. மிச்சம் வராமல் பார்ப்பதுதான் அவருக்கு முதல் இலக்கு. அதிலும் தசாவதார செட்டில் ஒரு கூர்மம் உடைந்தால் மற்ற ஒன்பதும் மூலையில் தங்கும். பத்தமடைப் பாய்க்காரருக்கு வேறு கணக்கு. தாமிரபரணிக் கரைக் கோரையை மெல்லிய இழையாகக் கிழித்து நெய்யும் பட்டுப் பாய் ஒன்று முடியவே வாரக்கணக்கில் ஆகும். அதை அடுக்கி வைத்து விற்க முடியாது. பாயை விரித்துக் காட்டி கல்யாண ஆர்டர் பிடிப்பது ஒரு இலக்கு, செலவை எடுக்கக் கோரைப் பையும் பர்ஸும் விற்பது இன்னொன்று. 1994-இல் தொடங்கிய டில்லி ஹாட் சந்தையில் கைவினைஞர்களுக்குப் பதினைந்து நாள் சுழற்சியில் கடை கொடுப்பார்கள். அங்கே முதல் இரண்டு நாளில் எது போகிறது என்று பார்த்து ஊரிலிருந்து சரக்கு வரவழைக்கலாம். இரண்டு நாள் மண்டபத்தில் அந்த வசதி இல்லை. கொண்டுபோனதுதான் சரக்கு.

என்னைக் கேட்டால், இவளுக்குப் பணத்துக்கு அடுத்த இலக்கு ஒரு நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம். எடுத்துப் பார்த்து விலை கேட்டு வைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர், கேட்டு இல்லாமல் போன பொருள் என்ன என்று குறிக்க வேண்டும். போன தடவை காது குத்தாத சின்னப் பிள்ளைகளுக்குக் கிளிப் தோடு கேட்டுப் பலர் வந்தார்கள் என்று இப்போது சொல்கிறாள். எத்தனை பேர் என்றால் தெரியவில்லை. பத்துப் பேரா, மூன்று பேரா என்பதில்தானே அதைச் செய்வதா வேண்டாமா என்பது இருக்கிறது? இன்னொன்று, முகம் பார்க்கும் கண்ணாடி. மேசைக்கு ஒன்று போதாது. கண்ணாடிக்குக் காத்திருப்பவர் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுகிறார்.

தள்ளுபடியையும் வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிடச் சொன்னேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் எல்லோருக்கும் கை இளகும். எதிர் மேசையில் பாதி விலை அட்டை வைத்ததும் இவளும் வைப்பாள். சனிக்கிழமை முழு விலை கொடுத்தவர் மண்டபம் இருக்கும் தெருவில்தான் இருக்கிறார். இரண்டு ஜோடி எடுத்தால் ஐம்பது ரூபாய் குறைப்பு, அதற்குக் கீழே இல்லை என்று எழுதிக்கொண்டாள்.

கடைசியில் அவள் பேனா நின்ற இடம், உதவிக்கு வைத்த 800 ரூபாய். “அதை மிச்சம் பிடிச்சா நாலு ஜோடி லாபம்க்கா” என்றாள். எட்டு மணி நேரம் தனியாக உட்காருகிறவள் பாத்ரூமுக்கு எப்படிப் போவாள்? பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டு ஓடுவாளாம். அந்தப் பத்து நிமிடத்தில் யுபிஐ அட்டையை யார் காட்டுவது, சில்லறை யார் கொடுப்பது? 800 இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அடித்துவிட்டு 500 என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பெண் ஒப்புக்கொள்ள வேண்டும்.