முசே கூவாத காலை

போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. நாலரை மணிக்குக் கூவ வேண்டிய சேவல் கூவவில்லை. செவலைச் சேவல், மூன்று வயது. நடையில் ஒரு மிடுக்கு இருப்பதால் 'முசே' என்று பெயர் வைத்தோம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 'ஐயா' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் எங்கள் வாயில் இப்படி ஆகிவிட்டது.

போய்ப் பார்த்தால், கொல்லை மூலையில் சிறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கம்பு தூவினேன். எழுந்து வரவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் தெருவே வைத்தியம் சொல்லிவிட்டது. "வெள்ளைக்கழிச்சல்தான் சார், சந்தேகமே இல்லை" என்றார் எதிர்வீட்டம்மா. என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர், தன் தொண்டைவலிக்கு வாங்கி மீந்திருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கொண்டுவந்து, "பாதி உடைச்சுப் போடுங்க" என்றார். இன்னொருவர், "இன்னைக்கே அறுத்துடுங்க, நாளைக்குச் செத்தா வீண்தானே" என்றார். என் மனைவி மட்டும், "என்னங்க, அதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

நான் சொல்ல வருவதும் அதுதான். மருந்துக்கு முன்னால் பார்வை வேண்டும்.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இரண்டு வினைச்சொற்களைக் கலந்துவிட்டால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். 'வுவார்' என்றால் கண்ணில் படுவது. 'ரெகார்தே' என்றால் கண்ணை வைப்பது. கோழி வளர்க்கும் நம்மில் பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். கோழியோ தன் நோயை மறைக்கும் பிராணி. நலிந்ததாகக் காட்டிக்கொண்டால் கூட்டத்திலேயே கொத்து வாங்கும். நமக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

முதலில் அதை மற்ற கோழிகளிடமிருந்து பிரித்துப் பஞ்சாரத்துக்குள் வைத்தேன். அடியில் வைக்கோல், பக்கத்தில் தண்ணீர். பிறகு பழைய எழுத்தர் புத்தியில் ஒரு நோட்டை எடுத்து, நேரம் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

கொண்டை சிவப்பாகத்தான் இருந்தது. வெளுத்திருந்தால் பேனோ குடற்புழுவோ ரத்தத்தைக் குறைக்கிறது என்று சந்தேகிக்கலாம். நீலம் பாய்ந்திருந்தால் மூச்சிலோ ரத்த ஓட்டத்திலோ கோளாறு. வாயைத் திறந்து மூச்சு வாங்கவில்லை. கழுத்து திருகவில்லை. எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளை படிந்து, எப்போதும் போல இருந்தது. பச்சையாகவோ சுண்ணாம்புத் தண்ணீர் போலவோ கழியவில்லை. மறுநாள் காலை தீனி வைக்கும் முன் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவினேன், காலியாக இருந்தது. அந்த நேரத்திலும் கல்லு மாதிரி நிறைந்திருந்தால் அடைப்பு. நெஞ்செலும்பைத் தொட்டுப் பார்த்தேன். இருபுறமும் சதை இருந்தது. கத்தி முனை போலத் துருத்திக்கொண்டிருந்தால் நோய் நேற்று வந்ததல்ல என்று அர்த்தம்.

கடைசியில்தான் காலைத் திருப்பிப் பார்த்தேன். வலது உள்ளங்கால் வீங்கிச் சூடாக இருந்தது. நடுவில் பட்டாணி அளவில் ஒரு கறுப்புப் பொருக்கு.

நோட்டையும் சேவலையும் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டரம்மா நோட்டைப் படித்துவிட்டு நேரே காலைப் பிடித்தார். பொருக்கை நீக்கி, உள்ளேயிருந்த சீழை எடுத்தார். கோழிக்குச் சீழ் நம்மைப் போல ஒழுகாது. கெட்டித் தயிர்க்கட்டி மாதிரி உறைந்திருக்கும். கழுவிக் கட்டுப் போட்டு, எடை பார்த்து மருந்து எழுதினார். வீட்டில் கட்டு மாற்றும்போது கையுறை போடச் சொன்னார். அந்தக் கிருமி நம் காயத்திலும் புகும். பிறகு கேட்டார்: "இது எங்கேயிருந்து குதிக்குது?"

ஆறடி மதில்மேலிருந்து. கீழே சிமென்ட் தரை. என் முழங்காலுக்குப் பயந்து, மழையில் வழுக்காமலிருக்கப் போன வருடம் நான் போட்ட தரை. தினமும் குதித்துக் குதித்து உள்ளங்கால் கன்றி வெடித்து, அதன் வழியே கிருமி புகுந்திருக்கிறது.

அரை மாத்திரையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உறைந்த சீழை அது கரைத்திருக்காது. அரைகுறை அளவு, அந்த மருந்துக்குப் பழகிய கிருமியைத்தான் வளர்த்துவிடும். உண்மையிலேயே வெள்ளைக்கழிச்சல் என்றாலும், அது வைரஸ் நோய். ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது.

அந்த நோயைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாற்பது வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் பன்னிரண்டு கோழிகள் இருந்தன. இரண்டு நாளில் ஐந்து கழிந்து செத்தன. மீதியை, நன்றாக இருக்கும்போதே காசாக்குவோம் என்று, அன்று மாலையே வியாபாரியிடம் தள்ளிவிட்டேன். பத்து நாள் கழித்து, அவர் வியாபாரம் செய்யும் ஊரிலிருந்து வரும் எங்கள் அலுவலகப் பியூன், தன் வீட்டுக் கோழிகள் எல்லாம் போய்விட்டன என்றார். முட்டை விற்றுத்தான் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்குவார்கள். என் கோழிகளால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம்: சேவலைக் காப்பாற்ற முடியாமல் போகலாம், அது குற்றமல்ல. சந்தேகமுள்ள கோழியை விற்பதுதான் குற்றம். பல கோழிகள் ஒன்றாகச் சுருண்டால் நோட்டுப் போட்டுக்கொண்டு உட்காராமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். செத்ததை ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

பஸ்தேர் வெறிநாய் கடித்த சிறுவனைக் காப்பாற்றிய கதையை எங்கள் பாடப்புத்தகம் விரிவாகச் சொன்னது. அது 1885. அதற்கு ஐந்தாறு வருடம் முன்பே, வலுவிழந்த கோழிக் காலராக் கிருமியைச் செலுத்திய கோழிகள் பிறகு வலுவான கிருமியையும் தாங்கின என்று அவர் கண்டார். கோழிகளால் நமக்குக் கிடைத்த பாடத்தைக் கோழிகளுக்கே மறுக்கலாமா? வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. அன்று நான் அதைப் போடவில்லை. இன்று தவறுவதில்லை.

மதிலோரம் இப்போது மண்ணும் வைக்கோலும் கொட்டியிருக்கிறேன். மூன்று வாரம் கழித்து முசே நாலரைக்குக் கூவியது. "தூக்கம் போச்சு சார்" என்றார் எதிர்வீட்டம்மா.