தெருக்கூத்துக்கு விருது இருக்கட்டும்... முழு ராத்திரி எங்கே?

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூரைத் தாண்டாதவர்கள் குறைவு. வீக் எண்டில் பைக்கில் பறப்பவர்களுக்கு அது வழியில் வரும் ஒரு பெயர்ப்பலகை. அவ்ளோதான். ஆனால் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி என இந்தப் பக்கத்துக் கிராமங்கள்தான் தமிழ்நாட்டின் முக்கியமான ஆட்டக் கலை ஒன்றை இன்றுவரை சோறு போட்டு வளர்த்துவருகின்றன. அது தெருக்கூத்து.

"கூத்தா? ரீல்ஸ்ல பாத்திருக்கேனே" என்பதுதான் இன்றைக்குப் பலரின் பதில். அந்த 30 நொடி வீடியோவில் தெரிவது, கிறுகிறுவென்று சுழலும் ஒரு வேஷம் மட்டும். கூத்து என்பது ஒரு முழு ராத்திரி. அந்த ராத்திரிதான் இப்போது கைநழுவிக்கொண்டிருக்கிறது.

கூத்து எப்படி நடக்கும்?

ஊர் சாப்பிட்டு முடித்த பிறகு, ராத்திரி 10 மணி வாக்கில் தொடங்கும். விடியும்போது முடியும். மத்தளம், தாளம், ஆர்மோனியம், முகவீணை பக்கவாத்தியங்கள். முதலில் வருபவர் கட்டியக்காரன். கதையை அறிமுகம் செய்வது, ராஜாவையே கலாய்ப்பது, உள்ளூர் விவகாரத்தை நைசாக உள்ளே நுழைப்பது எல்லாம் அவர் வேலை.

முக்கிய வேஷம் நேராக வந்து நின்றுவிடாது. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். அதன் பின்னால் இருந்து பாட்டு வரும், சலங்கைச் சத்தம் வரும், கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். சனம் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் திரை விலகும். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த இந்த அணிகலன்களுக்குப் பெயர் 'கட்டை'. அதனால்தான் இந்தக் கலையைக் 'கட்டைக்கூத்து' என்றே சொல்ல வேண்டும் என்பவர்களும் உண்டு. அவ்வளவையும் சுமந்துகொண்டு ஆட வேண்டும், பாட வேண்டும், வசனம் பேச வேண்டும். வாயசைப்புக்கு இங்கே வேலையில்லை.

இது வெறும் ஷோ இல்லை

கூத்தின் பெரிய மேடை திரௌபதி அம்மன் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். பிரசங்கியார் சொன்ன கதையை ராத்திரி கூத்தாடிகள் ஆடிக் காட்டுவார்கள். அர்ச்சுனன் தபசு அன்று, வேஷம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் கிடப்பான். வேஷக்காரர்கள் அவனைச் சுற்றி ஆடி முடித்த பிறகு ஊரே தீமிதிக்குப் போகும். கூவாகம் திருவிழாவின் அரவானும் இந்தப் பாரத மரபில் இருந்து வந்தவர்தான்.

சாவு வீட்டிலும் கூத்துக்கு இடம் உண்டு. வட தமிழக ஊர்களில், இறந்தவருக்கான சடங்கின் பகுதியாகக் 'கர்ண மோட்சம்' வைக்கும் வழக்கம் இருக்கிறது. கர்ணன் சாகும் இடத்தில் அந்த வீட்டுக்காரர்கள் அழுவது கர்ணனுக்காக மட்டும் அல்ல.

அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல், செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய ஆய்வின் முதல் தொகுதி 1988-ல் வெளிவந்தது. இங்கே பக்கத்து ஊர்க்காரர்களுக்கே அந்தச் சேதி தெரியாது.

10 மணிச் சிக்கல்

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி ராத்திரி 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010 திருத்தத்துக்குப் பிறகு இசைக்கருவிகளுக்கும் இந்தத் தடை உண்டு. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை விலக்கு தரலாம். அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மேல் கூடாது. அதாவது, கூத்து தொடங்கும் நேரத்தில்தான் சட்டம் மூடச் சொல்கிறது. மீறி நடப்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களின் பேச்சும் உள்ளூர் போலீஸின் பெருந்தன்மையும் சேர்ந்து நடத்துவது. பெருந்தன்மை ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

விதி தப்பு என்று சொல்லிவிட முடியாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா, கைக்குழந்தை என எல்லோருக்கும் தூக்கம் வேண்டும். தெருவை அடைத்து வைத்த பாக்ஸ் ஸ்பீக்கர்களைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் மைக் வருவதற்கு முன்பே, வெறும் தொண்டையை வைத்து ஊரைக் கட்டிப்போட்ட கலைக்கும், டி.ஜே செட்டுக்கும் ஒரே அளவுகோல் வைப்பது சரியா?

சாயந்திரம் 6 மணிக்கே தொடங்கிவிடலாமே என்று கேட்கலாம். 10 மணிக்கு முடிக்க வேண்டுமென்றால் கிடைப்பது 4 மணி நேரம். வேலை முடிந்து வீடு திரும்புபவர்கள் வந்து சேரும்போது பாதிக் கதை போயிருக்கும். நியாயமான வழி ஒன்று இருக்கிறது. கிராம சபை ஒப்புதல் தந்த ஊர்களில், குறிப்பிட்ட நாட்களுக்கு, ஒலி அளவுக்குக் கண்டிப்பான வரம்பு வைத்து, மரபான இரவுக் கூத்துக்கு மட்டும் விலக்கு தரலாம். இது மத்திய அரசின் விதி என்பதால், மாநில அரசுதான் டெல்லியிடம் கேட்க வேண்டும்.

மேடை கிடைத்தால் போதாதா?

அரசு விழா, கல்லூரி விழா, சென்னை சங்கமம் என்று கூத்துக்கு இப்போது மேடைகள் கிடைக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே கொடுக்கப்படுவது பெரும்பாலும் சில நிமிடங்கள். திரை விலகும், வேஷம் சுழலும், கைத்தட்டல் விழும், அடுத்த நிகழ்ச்சி. அந்த நேரத்தில் கட்டியக்காரனுக்கு வேலையில்லை, கதைக்கும் வேலையில்லை.

பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு செட்டு நிற்பது ஊர்த்திருவிழாவின் ராத்திரிகளால்தான். சின்னப் பிள்ளைகள் சிறு வேஷம் கட்டி, விடிய விடிய பெரியவர்களைப் பார்த்துப் பாடம் பண்ணுவதும் அங்கேதான். ராத்திரி போனால் வருமானமும் போகும், பள்ளிக்கூடமும் போகும்.

இந்த விஷயத்தில் சோமாலியாவைப் பார்க்கலாம். தலைநகர் மொகதிஷுவில் 1967-ல் திறக்கப்பட்ட தேசிய அரங்கம், 1991-ல் வெடித்த உள்நாட்டுப் போரில் மூடப்பட்டது. 2012 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். அடுத்த மாதமே அங்கே குண்டு வெடித்தது. ஆனால் 'தான்டோ' என்ற சோமாலிகளின் கூட்டு ஆட்டம் அழியவில்லை. காரணம், அது அரங்கத்தை நம்பி இல்லை. கல்யாண வீடுகளில் இருந்தது. அகதிகளாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள் கல்யாணத்தோடு ஆட்டத்தையும் எடுத்துப்போனார்கள். இன்று அந்தப் பிள்ளைகள் ஆடும் வீடியோக்கள் யூடியூபில் குவிந்து கிடக்கின்றன. ஆட்டத்துக்கான சந்தர்ப்பம் உயிரோடு இருக்கும்வரை ஆட்டமும் இருக்கும். கூத்துக்கு அந்தச் சந்தர்ப்பம் பாரதத் திருவிழா.

திருவிழா யாருக்கு?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் பேசியாக வேண்டும். விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் தலித் மக்கள் நுழைவதற்கு எதிர்ப்பு கிளம்பி, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில், உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தினசரி பூஜைக்காகக் கதவு திறந்தது. சபையில் ஒரு பெண்ணுக்கு நடந்த அநீதியை விடிய விடிய ஆடிக் காட்டும் மரபு இது. அந்தக் கதையைக் கேட்க எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார முடியாது என்றால், 'நம் பாரம்பரியம்' என்று பெருமை பேசுவதில் அர்த்தமில்லை. ஊர் உடைந்தால் திருவிழா நிற்கும். திருவிழா நின்றால் கூத்தாடிக்கும் அந்த ராத்திரி இல்லை.

பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவது கூத்தின் வழக்கம். அதையும் மாற்ற முடியும் என்று காட்டினார்கள். பெ.ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரம் அருகே நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில், 2002 முதல் 2020 வரை பெண் பிள்ளைகளும் கூத்து பயின்றார்கள். கதாநாயக வேஷங்களையும் கட்டினார்கள். மரபு அதனால் கெட்டுப்போகவில்லை.

அடுத்த வரி விதிக்கும்போது...

யுனெஸ்கோ பட்டியலில் கேரளாவின் கூடியாட்டமும் முடியேற்றும் இருக்கின்றன, கூத்து ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பட்டியலில் பெயர் வந்துவிட்டதால் மட்டும் ஊரில் ஒரு ராத்திரி கூடிவிடாது.

அதை முடிவு செய்வது திருவிழாக் கமிட்டி. இன்று பல ஊர்களில் அந்தக் கமிட்டிக்குப் பெரிய தொகை வருவது சென்னை, பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞர்களிடம் இருந்து. ஜி-பேயில் வரி அனுப்புவதும் அவர்கள்தான், "இந்த வருஷம் ஆர்கெஸ்ட்ரா வைக்கலாம்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் சொல்வதும் அவர்கள்தான். ஆர்கெஸ்ட்ராவும் வைக்கட்டும். அதற்காகக் கூத்தின் ராத்திரியை வெட்ட வேண்டாம். அடுத்த முறை பணம் அனுப்பும்போது, "கூத்து எத்தனை நாள்? விடிய விடிய உண்டா? கீழே உட்கார எல்லாத் தெருக்காரர்களுக்கும் இடம் உண்டா?" என்று குரூப்பில் மூன்று கேள்வி கேட்டுவிட்டு அனுப்பலாம். அப்படியே, அன்றைக்கு லீவு போட்டு ஊருக்கு வந்து ஒரு பாயைப் போட்டு உட்காரலாம்.